காலி டிபன் பாக்ஸ்

இந்த வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு வீட்டு விஷயம். அக்காகிட்ட கேட்டுட்டுதான் பேசுறேன்.

அக்கா பையனுக்கு எட்டு வயசு, ஏடிஎச்டி. பயிற்சி எல்லாம் ஒரு வருஷம் பார்த்த பிறகு டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் எழுதினார். 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. மூளையில் டோபமைன் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க வைக்கும். நம்ம நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது. அத்தான் பைக்கில் கடை கடையா ஏறி இறங்கின கதையே தனி எபிசோட்.

மாத்திரை வேலை செஞ்சது. கணக்கு நோட்டுல முதல் தடவையா முழுப் பக்கம் எழுதினான். அக்கா ஃபோன்லயே அழுதுட்டா. ஆனா மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும்னு டாக்டர் முன்னாடியே சொன்னதுதான். சொல்றதைக் கேட்டுக்கிறது வேற, விலா எலும்பு தெரியற பிள்ளையைக் குளிப்பாட்டுறது வேற. எங்க அம்மா இன்னொரு பக்கம்: "ஓடியாடிட்டு இருந்த புள்ளைய மாத்திரை குடுத்து வத்த வச்சிட்டீங்களேடி."

நான் சும்மா இருப்பேனா, ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். மாத்திரை நேரம், மூணு வேளை சாப்பாடு, தூக்கம், வாராவாரம் எடை. அக்கா தினமும் நிரப்பினா. மூணாவது வாரத்திலிருந்து மதியத்துக்கு நேரா 'முடிச்சிட்டான்', 'முடிச்சிட்டான்'. எனக்கு ஒரே பெருமை. ஆனா எடை மட்டும் 24 கிலோவிலிருந்து 22.5-க்கு வந்திருந்தது. பக் எங்கேன்னு புரியல.

ஒரு சனிக்கிழமை என் வண்டியில் முன்னாடி உட்கார்ந்து வரும்போது அவனே சொன்னான். "மாமா, லஞ்சை ஃப்ரெண்டுக்குக் குடுத்துடுவேன். பாக்ஸ் ஃபுல்லா இருந்தா அம்மா அழுவாங்க." கொஞ்ச தூரம் போனதும் இன்னொண்ணு. "மாத்திரை போட்டா யார்கூடவும் பேசவே தோணல."

என் ஷீட்ல அதுக்குக் காலமே இல்ல.

அன்னைக்கு ராத்திரி அக்காவும் ஒண்ணு சொன்னா. போன முறை டாக்டர்கிட்ட வீடியோ காலில் பேசினப்போ எடையைச் சொல்லவே இல்லையாம். மருந்தை நிறுத்திட்டா மறுபடி மிஸ்கிட்ட தினம் திட்டு வாங்கணுமேன்னு பயம். அவளைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

அடுத்த வாரம் நேர்ல போனோம். டாக்டர் திட்டல. உயரம், எடை, பிபி பார்த்தார். பேசத் தோணாம பையன் ஒடுங்கிப் போனா டோஸ் கூடுதலா இருக்கலாம்னு சொல்லிக் குறைச்சார். காலைல வயிறு நிறைய சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. மதியம் வற்புறுத்த வேண்டாம், கடலை மிட்டாயோ வாழைப்பழமோ போதும். மருந்தோட வேகம் அடங்கினதும் சாயங்காலம் பசி வரும், நிஜமான சாப்பாட்டை அப்போ வைங்கன்னார். இது இவனுக்குச் சொன்னது. உங்க வீட்டுப் பிள்ளைக்கு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தவோ குறைக்கவோ செய்யாதீங்க.

இப்போ ஆறரை மணிக்கு நாலு தோசை உள்ள போகுது. முணுமுணுத்துட்டே நெய் ஊத்துறது எங்க அம்மாதான். எடை 23, பழைய அளவுக்கு இன்னும் வரல. கணக்கு நோட்டு அரைப் பக்கத்துல நிக்குது. "அரைப் பக்கம் போதும்டா"ங்கிறா அக்கா. சில நாள் அப்படிச் சொல்லிட்டு முழுப் பக்கத்தையும் நினைச்சுக்கிறான்னு எனக்குத் தோணும்.

ஷீட்ல புதுசா ஒரு காலம் சேர்த்திருக்கேன், அதை அவனே நிரப்புவான். நேத்து எழுதினது: 'பௌலிங் கிடைச்சுது. லஞ்ச் பாதி.'

சரி மக்களே, அடுத்த வாரம் கண்டிப்பா டேட்டாபேஸ்.