வண்டியின் விலையும் மைலின் விலையும்

எங்கள் ஊராகிய சுருவிலுக்குக் கோவில் திருவிழாவையொட்டி இலண்டனிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு என்னைக் காண வீட்டுக்கு வந்தார். திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில், தாம் வாங்க எண்ணியுள்ள மோட்டார் வண்டியின் படத்தைக் காட்டினார். நீண்ட முகமும் தாழ்ந்த கூரையும் இரண்டே கதவுகளும் உடைய அழகிய வண்டி. இத்தகைய வண்டியைக் 'கூப்பே' என்பர். அது பிரெஞ்சு மொழிச் சொல். 'வெட்டப்பட்டது' என்று பொருள்படும். இருக்கைப் பகுதி ஒன்றைக் குறைத்துச் செய்த குதிரை வண்டிக்கு இட்ட பெயர், பின்னர் மோட்டார் வண்டிக்கும் ஆயிற்று.

"கலனுக்கு முப்பது மைல் ஓடுமாம், சேர். இவ்வளவு பெரிய வண்டிக்கு அது நல்ல கணக்குத்தானே?" என்று அவர் கேட்டார்.

நான் எந்திரம் படித்தவனல்லன். எனினும் அந்தக் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில் அவருடைய தந்தையார் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். ஓர் ஒஸ்ரின் வண்டியே அக்குடும்பத்தின் வயலும் தோட்டமுமாக இருந்தது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், வடபகுதிக்கு வரும் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டதை நேயர்களுள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டில் தீவகத்தை விட்டு யாழ்ப்பாணம் சென்று தங்கிய குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் அவர்கள் குடும்பமும் இருந்தன. அங்கே ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்பு மண்ணெண்ணெயைப் பாயவிட்டனர். அமுக்கம் குறைந்த அப்பழைய எந்திரங்கள் அதனை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. இன்றைய வேக வண்டியின் எந்திரம் ஏற்காது.

அன்று பெற்றோல் மிச்சமாயிற்று என்பது உண்மையே. ஆனால் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் எந்திர எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்தது. பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்தன. புகை கரியாகப் படிந்தது. மாணவரின் தந்தையார் தமது வண்டியை ஈற்றில் பழைய இரும்பு விலைக்கே விற்றார். எரிபொருளில் மிஞ்சியதை எந்திரம் செலுத்திற்று. எரிபொருட் கணக்கு வேறு, வண்டியின் கணக்கு வேறு என்பதை அன்றே நான் கண்டேன்.

"அப்பாவின் கார் இருமி இருமி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான், சேர். தொட்டவுடன் எழும்பும் ஒரு நல்ல வண்டியை ஒரு நாளாவது ஓட்டவேண்டும் என்பது ஆசை" என்றார் அவர். அந்த ஆசையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. "சரி தம்பி, ஒரு தாள் எடு, கணக்குப் பார்ப்போம்" என்றேன்.

ஆண்டுக்கு எத்தனை மைல் ஓடுவீர் என்று கேட்டேன். வேலைக்குப் புகையிரதத்தில் போவதாகவும், வார இறுதியில் மட்டும் வண்டி எடுப்பதாகவும், ஆண்டுக்கு 4,000 மைலுக்கு மேற்படாது எனவும் சொன்னார். கலனுக்கு 30 மைல் எனில் 133 கலன், அதாவது ஏறத்தாழ 606 லீற்றர் வேண்டும். லீற்றர் 1 பவுண் 40 பென்ஸ் எனக் கொண்டால் 848 பவுண் ஆகும். கலனுக்கு 50 மைல் ஓடும் சிறிய வண்டிக்கோ 509 பவுண் போதும். வேறுபாடு 339 பவுண். நாளொன்றுக்கு ஒரு பவுணும் இல்லை. மாணவரின் முகம் மலர்ந்தது.

"பொறும், தம்பி" என்றேன். அவர் பார்த்த வண்டியின் விலை 50,000 பவுண். சிறிய வண்டியின் விலை 20,000 பவுண். ஐந்து ஆண்டில் இரண்டும் பாதி விலைக்கு இறங்குமெனக் கொள்வோம். பெரிய வண்டி ஆண்டுக்கு 5,000 பவுணையும் சிறியது 2,000 பவுணையும் இழக்கும். குறைவாக ஓடிய வண்டி சற்றுக் கூடிய விலைக்குப் போகலாம். ஆயினும் கொட்டகையில் நிற்கும் வண்டியும் நாள்தோறும் மூப்படையும் அன்றோ? பெற்றோலையும் தேய்மானத்தையும் கூட்டி 4,000 மைலுக்குப் பகிர்ந்தோம். பெரிய வண்டிக்கு மைலுக்கு 1 பவுண் 46 பென்ஸ். சிறியதற்கு 63 பென்ஸ். முன்னதில் பெற்றோலின் பங்கு 21 பென்ஸ் மாத்திரமே.

இதற்குமேல் காப்புறுதி உண்டு. அகன்ற ரயர்களின் விலை உண்டு. கடன் வட்டி உண்டு. பிரித்தானியாவில் 40,000 பவுணுக்கு மேற்பட்ட பட்டியல் விலையுள்ள புதிய பெற்றோல் வண்டிக்கு, இரண்டாம் ஆண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மேலதிக வரியும் உண்டு. கலனுக்கு எத்தனை மைல் என்று விசாரிப்பவர் இவற்றை விசாரிப்பதில்லை. குறைவாக ஓடுபவருக்குப் பெற்றோல் சிறு செலவு. வண்டியை வைத்திருப்பதே பெருஞ்செலவு.

பெற்றோலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாக நேயர்கள் கொள்ளலாகாது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் எரிபொருள் பங்கீடு வந்தபோது, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடிக்கும் வண்டி அதனைக்கொண்டு 200 கிலோமீற்றர் போகும். ஐந்து லீற்றர் குடிப்பது 400 கிலோமீற்றர் போகும். பணம் இருந்தும் பெற்றோல் இல்லாத காலம் வரக்கூடும் என்பதை நாம் இருமுறை கண்டவர்கள். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவருக்கு அக்கணக்கே முதற்கணக்கு. ரயரில் காற்றைச் சரியாக வைத்தலும், வீண் சுமையை இறக்குதலும், வேகத்தை அடக்குதலும் அவருக்குப் பயன்தரும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி.

இறுதியில் மாணவர், "அப்படியானால் ஆசையை விட்டுவிடவா, சேர்?" என்று கேட்டார். "விடவேண்டியதில்லை. அதே வண்டியை நாலைந்து ஆண்டு ஓடியபின் வாங்கும். பெரிய இழப்பை முதல் உரிமையாளர் சுமந்திருப்பார். ஆனால் பழுதுபார்க்கும் செலவுக்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வையும். உமது அப்பாவும் அன்றாட வரும்படியில் ரயருக்கென்று ஒரு பங்கு எடுத்துவைத்தவர்தான்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முடிவு அவருடையது.

நேயர்களே, ஆடம்பர வண்டி வாங்குவோர் நம்மிற் சிலரே. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் தவணைக்கு வாங்குவோர் பலர். அவர்களுக்கும் இக்கணக்கே பொருந்தும். வாங்குமுன் ஒரு தாளில் ஓராண்டுக்குரிய தேய்மானம், வட்டி, காப்புறுதி, ரயர், பழுது, பெற்றோல் என ஆறு வரி எழுதுங்கள். ஆண்டுக்கு ஓடப்போகும் தூரத்தால் கூட்டுத்தொகையை வகுத்துப் பாருங்கள். வரும் விடையே நீங்கள் வாங்கப்போகும் வண்டியின் உண்மையான விலை.