கழற்றுவது எளிது, மாட்டுவதுதான் படிப்பு

நான் கிள்ளான், பண்டமாரானிலிருந்து வருகிறேன்.

துறைமுகத்தில் லாரி ஓட்டி அப்பா வாங்கிய கார், புரோட்டோன் சாகா. 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான நம் நாட்டுக் கார் ஐயா அது! அந்த வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கியதும், "எடைக்குப் போடுங்கள்" என்றார்கள். அப்பா கேட்கவில்லை. வீட்டு வாசலிலேயே 1298 சிசி எஞ்சினை இறக்கினோம்.

கழற்றுவதற்கு ஸ்பேனர் போதும். மாட்டுவதற்குப் பொறுமை வேண்டும். கனெக்டிங் ராடையும் அதன் மூடியையும் சேர்த்து வைத்துத்தான் துளை கடைவார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போனால் வட்டம் கெட்டு, பேரிங் தேய்ந்துவிடும். அதனால் கழற்றும்போதே நான்குக்கும் எண் போட வைத்தார் அப்பா. பிஸ்டன் வளையங்களின் வாய்கள் ஒரே நேரில் நின்றால் அழுத்தம் கசியும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, டார்க் ரென்ச்சால் அளந்து, பல சுற்றாக முறுக்க வேண்டும். அங்கே கை பலத்தைக் காட்டினால் ஹெட் கோணிவிடும்.

பள்ளியில் கணிதம் வராத பையன் என்று பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவன் நான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு என்ன மதிப்பு என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த எஞ்சின்தான். 1-3-4-2 என்ற வரிசையில் அது வெடித்துக் கிளம்பியபோது, அப்பா என்னை முதன்முறையாக "தம்பி, நீயே சொல்லு, சத்தம் சரியா?" என்று கேட்டார்.

பெற்றோர்களே, கையில் எண்ணெய் பட்ட பிள்ளையைப் படிக்காதவன் என்று ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எண் போடக் கற்றுக்கொடுங்கள்.