‘சர்வர் வேலை செய்யவில்லை’: மறுப்புக்கு எழுத்தில் காரணம்



இணைய அணுகல், இணைய ஆளுகை, தகவல் தொழில்நுட்பக் கொள்கை ஆகிய மூன்றையும் பேச இந்தக் கருத்தரங்கு கூடியிருக்கிறது. சட்டம் பயின்றவர்களும் பொறியாளர்களும் தமிழ்க் கணிமை ஆய்வாளர்களும் களப்பணியாளர்களும் ஒரே அவையில் அமர்ந்திருக்கிறார்கள். துறைக்குத் துறை கேள்விகள் வேறு. அவை அனைத்துக்கும் அடியில் ஓடும் ஒரு கேள்வியை முன்னால் எடுத்து வைப்பது தலைமை உரையின் கடமை. இணையத்தின் வழியாக ஒருவருக்கு ஒன்று மறுக்கப்படும்போது, அதற்கான காரணத்தை அவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டியவர் யார்?

இந்தக் கேள்வி எங்கே பிறக்கிறது என்று பார்க்க, ரேஷன் கடை வரிசையில் சற்று நேரம் நின்றால் போதும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் ரேகை மங்கிப்போன பாட்டி ஒருவர் கட்டைவிரலைக் கருவியில் வைக்கிறார். ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். ஆள்காட்டி விரல், நடுவிரல், இடக்கை என்று ஒரு சுற்று முடிகிறது. “சர்வர் வேலை செய்யலை பாட்டி, நாளைக்கு வாங்க” என்கிறார் விற்பனையாளர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. கருவிழிப் பதிவு வந்த கடைகளில் இந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனாலும் பையை மடித்துக்கொண்டு திரும்பும் பாட்டியிடம், அவர் வந்து வெறுங்கையோடு போனதற்குச் சான்றாக ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தாலுகா ஆபீசுக்குப் போய் எதைக் காட்டி முறையிடுவார்?

இதே நிலை வங்கியிலும் உண்டு. அமிலத் தாக்குதலில் கண்கள் சிதைந்த ஒரு பெண் 2023-இல் கணக்குத் தொடங்கப் போனார். எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தான் என்று உறுதி செய்ய, கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னது மின்னணு அடையாளச் சரிபார்ப்பு. அவரால் இமைகளை மூடித் திறக்க முடியாது. இந்த வழக்கும், பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல், அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது; 20 வழிகாட்டுதல்களையும் வகுத்தது. இயந்திரம் நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனிதர் மறுபடி பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்த அவை அதிகம் பேச வேண்டிய வழிகாட்டுதல் அதுவே.

நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிந்த படங்களைப் பணித்தளப் பொறுப்பாளர் ஏற்ற வேண்டியிருந்தது. டவர் கிடைக்காத ஏரிக்கரையில் அவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி கரை மேல் ஏறி இறங்கினார். படம் ஏறாவிட்டால், வெட்டிய மண் கண்ணெதிரே கிடந்தாலும் கூலி கேள்விக்குறியானது.

இந்த மூன்று இடங்களிலும் மறுப்பவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியவில்லை. மறுப்பவர் அரசு என்று வெளிப்படையாகத் தெரியும் இடத்திலும் காரணம் எளிதில் கிடைப்பதில்லை. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 4 முதல் இணையம் முடக்கப்பட்டது. செய்தியாளர்கள் ஸ்ரீநகரில் அரசு ஏற்படுத்திய மையத்தில் இருந்த சில கணினிகளுக்கு வரிசையில் நின்று செய்தி அனுப்பினார்கள். ‘காஷ்மீர் டைம்ஸ்’ நிர்வாக ஆசிரியர் அனுராதா பசின் உச்ச நீதிமன்றம் சென்றார். முடக்க உத்தரவுகள் அனைத்தும் நீதிமன்றத்தின் முன்னேகூட வைக்கப்படவில்லை. 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பு, இணையத்தைக் காலவரையின்றி முடக்கக்கூடாது என்றும், முடக்கும் உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்றும் சொன்னது. உத்தரவைப் பார்க்க முடிந்தால்தான் அதை எதிர்த்து வழக்காட முடியும். அந்த மாத இறுதியில் 2ஜி வந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் 4ஜி வர 2021 பிப்ரவரி 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொரோனா காலத்து வகுப்புகளைக் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பெரும்பாலும் 2ஜி வேகத்தில்தான் படித்தார்கள்.

தூத்துக்குடியை இந்த அவைக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. 13 உயிர்கள் போயின. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை 5 நாட்களுக்கு நிறுத்த உத்தரவு வந்தது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் வீட்டாரின் முகத்தைப் பார்க்கத் தவித்த நாட்கள் அவை.

இத்தனைக்குப் பிறகும் நாட்டில் எத்தனை முறை இணையம் முடக்கப்பட்டது என்ற கணக்கு அரசிடம் இருக்கவில்லை. தொலைத்தொடர்புத் துறையும் உள்துறையும் அதைப் பராமரிக்கவில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பர் அறிக்கையில் குறிப்பிட்டது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகள் முடக்க உத்தரவைக் காரணத்தோடு வெளியிடச் சொல்கின்றன. அந்த விதி மாவட்டந்தோறும் எப்படி நடைமுறையாகிறது என்பதை ஆய்வாளர்கள் கண்காணிக்க வேண்டும்.

உள்ளடக்கத்தைத் தடை செய்வதிலும் இதே முடிச்சு இருக்கிறது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை நாடே கொண்டாடியது. அதே தீர்ப்பு, இணையப் பக்கங்களைத் தடை செய்யும் 69ஏ பிரிவை அப்படியே விட்டுவைத்தது. தடை உத்தரவில் காரணம் எழுத்தில் பதிவாகிறது, அதைக் கொண்டு பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றம் போகலாம் என்பது அதற்கு நீதிமன்றம் சுட்டிய காப்புகளில் ஒன்று. ஆனால் 2009-ஆம் ஆண்டு தடை விதிகளின் 16-ஆவது விதி, அந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் கோப்பில் இருக்கிறது. தடை செய்யப்பட்டவர் கைக்கு அது வந்து சேர்வதில்லை.

மறுப்பு அரசிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு விடுதி அறையில் தொடங்கிய வழக்கின் தீர்ப்பும் இங்கே பேசத்தக்கது. கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் மாணவியர் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி வைத்திருக்கக்கூடாது என்று விதி இருந்தது. ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இணைய அணுகல், கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. பெண்ணின் கையில் கைபேசி எதற்கு என்ற கேள்வி நம் வீடுகளிலும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருப்பதாகச் சொன்ன ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். இணையம் ஊர் வரை வந்தாலும் வீட்டுக்குள் யார் கைக்குப் போகிறது என்பதை அணுகல் கொள்கை கவனித்தாக வேண்டும்.

காரணம் கேட்கும் உரிமைக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுகளின் காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டும் என்று அரசு அலுவலகங்களுக்குக் கட்டளையிடுகிறது. 4(4) பிரிவு, தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-இல் நாட்டிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. முடிவை எடுக்கும் இடத்தில் குமாஸ்தாவுக்குப் பதிலாக மென்பொருள் உட்கார்ந்ததால் இந்தக் கடமை நீங்கிவிடாது.

கணினியில் தமிழ் வராது என்று சொல்லவும் இடமில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, மேலைநாடுகள் என்று பல இடங்களிலிருந்தும் வல்லுநர்கள் கூடினார்கள். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று சிதறிக் கிடந்த காலம் அது. வாதாடி, ஒப்பிட்டு, உயிரெழுத்து இடக்கைக்கும் மெய்யெழுத்து வலக்கைக்கும் வருமாறு ஒரு விசைப்பலகை பிறந்தது. அரசு அதை ஏற்றது. பயன்படுத்துவோரோடு உட்கார்ந்தே தொழில்நுட்பக் கொள்கையை வகுக்கலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள முன்மாதிரி அது.

நாட்டளவில் இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டது. எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்தும் இணையச் சமநிலை வேண்டும் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்துக்கு ஏற்ப வேறு வேறு கட்டணம் வாங்குவதை டிராய் தடை செய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம் இந்தியாவில் நின்றது. தன் முடிவுக்கான காரணங்களையும் ஆணையம் விளக்கக் குறிப்பாகச் சேர்த்து வெளியிட்டது.

இந்தக் கருத்தரங்கின் முன் ஒரு வேண்டுகோள். ரேஷன் பொருள் வாங்கியதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பொருள் கிடைக்காமல் திரும்பியவருக்கும் ஒரு சீட்டு கிடைக்கச் செய்ய முடியும். வந்த நாள், நேரம், மறுப்புக்குக் காரணம், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்ற நான்கும் அதில் தமிழில் இருக்க வேண்டும். கைபேசி இல்லாதவருக்கு அது தாளில் வேண்டும். சட்ட அமர்வு அதன் சட்ட வலிமையையும், பொறியியல் அமர்வு சர்வர் தொடர்பு அறுந்த நிலையிலும் அதை அச்சிடும் வழியையும், தமிழ்க் கணிமை அமர்வு பாட்டிக்குப் படித்துக் காட்டினால் புரியும் சொற்களையும் வகுத்துத் தரட்டும். மாலை நிறைவுக்குள் ‘மறுப்புச் சீட்டு’ ஒன்றின் மாதிரி ஒரே பக்கத்தில் உருவானால், அதை அரசின் பார்வைக்கு அனுப்பலாம்.

கட்டுரை படைக்க வந்திருக்கும் அனைவருக்கும், குறிப்பாகத் தங்கள் முதல் கட்டுரையோடு வந்திருக்கும் மாணவர்களுக்கும் நல்வரவு. முடக்க உத்தரவுகள் பற்றிய முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.