ஒரு குடும்பத்தால் முடியாத வேலை

(கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்டை வீட்டார் கூடிச் செய்யும் ஒரு வேலையைப் பற்றி இன்று சொல்கிறேன். இது நடப்பது அமெரிக்காவின் புல்வெளிகளில். அங்கே 'பஃபலோ' என்றால் நம் ஊர் எருமை அல்ல. பைசன் எனும் காட்டெருமை. வளர்ந்த காளை 900 கிலோ வரை இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கோடிக்கணக்கில் மேய்ந்த அந்த இனம், வேட்டையால் 1880களின் இறுதியில் ஏறக்குறைய ஆயிரமாகச் சுருங்கிப்போனது. பிறகு சிலர் காப்பாற்றி வளர்த்தார்கள். தெற்கு டகோட்டாவின் கஸ்டர் பூங்காவில் 1914-ல் 36 காட்டெருமைகளை வாங்கி விட்டார்கள். இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேல் மேய்கின்றன.

செப்டம்பர் முடியும்போது அங்கே குதிரை மீதேறி மந்தையை ஒன்றுசேர்க்கிறார்கள். காரணம், புல். பனிக்காலத்தைத் தாண்ட எத்தனை மாட்டுக்குப் புல் இருக்கிறதோ, அத்தனை மாடுகளைத்தான் வைத்துக்கொள்ள முடியும். கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டு, பசுக்கள் சினையா என்று பார்த்து, மிகுந்தவற்றை விற்றுவிடுவார்கள். இந்த வேலை தவறினால் மேய்ச்சல் நிலம் கெடும், மந்தையும் மெலியும்.

தனியார் பண்ணைகளிலும் இலையுதிர் காலத்தில் இதே வேலைதான். ஒரு குடும்பத்தால் ஆகாது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குதிரையோடு வருவார்கள். கூலி கிடையாது, அந்த வீட்டில் சாப்பாடு. அடுத்து, வந்தவர் பண்ணையில் வேலை என்றால் இவர்கள் போவார்கள். கத்தக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. மிரண்ட மாடு ஒன்றையொன்று முட்டிக் காயப்படுத்திவிடும். பொறுமைதான் அங்கே முதல் கருவி.

இதில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பதிலுக்கு அனுப்ப ஆளில்லாத வீட்டின் கதி என்ன? வயதானவர் வீடு, கணவனை இழந்தவள் வீடு? கைம்மாற்றுக் கணக்கு மட்டும் பார்த்தால் அந்த வீடு விட்டுப்போகும். ஆனால் அந்த வேலையைக் கவனியுங்கள். குதிரை ஏறுபவர் மட்டும் போதாது. கதவைத் திறந்து மூட ஒருவர் வேண்டும், காதுவில்லை எண்ணை எழுத ஒருவர் வேண்டும், சோறாக்க ஒருவர் வேண்டும். முதியவருக்கும் அதில் இடம் உண்டு.

நம் தெருவிலும் அப்படித்தான். கல்யாண வீடோ, மழையில் ஒழுகும் கூரையோ, ஆஸ்பத்திரிக்குத் துணையோ, "இவரால் நமக்கு என்ன செய்ய முடியும்?" என்று கேட்காதீர்கள். "இவருக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். உதவி வாங்குகிறவர் தலைகுனியாமல் இருக்க அதுதான் வழி.

பனி விழுந்த பிறகு மந்தையைத் தேடிப் பயனில்லை. பக்கத்து வீட்டுக் கதவை இன்றே தட்டுங்கள்.