வாசலுக்கு வரும் பருவம்



குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவு நெய்து முடிகிற நாளுக்காகப் பிள்ளைகள் காத்திருப்போம். புதுப் பாவு ஏற்றும்போது, அச்சில் நிற்கும் பழைய இழைகளின் முனையோடு புது இழைகளை ஒவ்வொன்றாக வைத்து முறுக்கிச் சேர்ப்பார்கள். அந்த வேலையில் சாண் நீளத்துக்கு நூல் துண்டுகள் மிஞ்சும். பச்சை, நீலம், அரக்கு என்று அந்த மாதம் தறியில் என்ன கைலி ஓடியதோ அந்த நிறம். அப்பா அதைக் குப்பையில் போட மாட்டார். ஓலைக் கொட்டான் ஒன்றில் சேர்த்து வைப்பார்.

கார்த்திகை பிறந்ததும் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அந்தக் கொட்டானை இறக்கச் சொல்வார். ஐம்பது அறுபது துண்டுகளை எடுத்து ஒன்றாக அடுக்குவார். நடுவில் ஓர் இழையால் இறுக்கிக் கட்டுவார். கட்டைப் பிடித்து இரண்டாக மடித்து, ஓர் அங்குலம் கீழே கழுத்துப்போலச் சுற்றி முடிச்சுப் போடுவார். நுனிகளைக் கத்தரித்துச் சமன்செய்தால் ஒரு குஞ்சம். மாவிலைத் தோரணத்தில் நான்கு இலைக்கு ஒரு குஞ்சம் கோத்து நிலைப்படியில் கட்டுவார். வாசலில் நின்று பார்த்தால், இது நெசவாளர் வீடு என்பதை அந்தத் தோரணமே சொல்லிவிடும்.

கார்த்திகை தீபத்திலிருந்து பொங்கல் வரைக்குமான காலத்தில் நம் வீடுகளில் கையால் செய்யும் அலங்காரங்களை மதிப்பிட்டுப் பார்க்க இன்று வந்திருக்கிறேன். செலவு குறைவு, செய்வது சுலபம் என்பதற்காக மட்டும் இவற்றைப் புகழ்ந்தால், அது பாதி மதிப்பீடுதான். ஒரு கைவேலை நல்லதா என்று பார்க்க ஆயாவிடமிருந்து மூன்று கேள்விகளைக் கற்றுக்கொண்டேன். பொருள் நடந்துபோய் எடுக்கும் தூரத்தில் கிடைத்ததா? அதைப் பார்த்தால் இது எந்த மாதம் என்று தெரிகிறதா? நாள் முடிந்ததும் மண் அதைத் திரும்ப ஏற்றுக்கொள்கிறதா?

முதலில் கார்த்திகை. அகல்விளக்கை எல்லோரும் அறிவோம். புது அகலை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் அது அதிகம் எண்ணெய் குடிக்காது என்பதையும் அம்மாக்கள் அறிவார்கள். நம் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் பீங்கானில் அகல் செய்கிறார்கள். குயவர் வீட்டுச் சக்கரத்தில் சுற்றிய மண் அகலும் சந்தைக்கு வருகிறது. இரண்டுமே நம் மண்தான்.

ஆனால் கார்த்திகையின் தனிச்சிறப்பு, இப்போது பல தெருக்களில் காணாமல் போய்க்கொண்டிருக்கும் மாவலி. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கை தானாகச் சுழலும். பனையில் பூ மட்டும் பூத்துக் காய் காய்க்காத ஆண்பனை இருக்கிறதே, அதன் காய்ந்த பாளைப்பூ மரத்தடியில் விழுந்து கிடக்கும். தீபத்துக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகள் கோணிப்பையோடு அதைப் பொறுக்கப் போவார்கள். சிறு குழி வெட்டி, அதில் போட்டுக் கொளுத்தி, நன்றாகத் தணல் பிடித்த நேரத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றை அடைத்தால் கரி கிடைக்கும். மறுநாள் அந்தக் கரியைப் பொடித்துச் சலித்து, பழைய பருத்தித் துணியில் நீளமாகப் பரப்பிச் சுருட்டி, நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவார்கள். எங்கள் தெருவில் அதற்குத் தறிநூல்தான். பனைமட்டையைப் பிளந்து மூன்று சிம்புகளாக்கி, சுருளை நடுவில் நிறுத்திக் கட்டி, மேலே நீளமாக ஒரு கயிறு. சுருளின் தலையில் நெருப்புத் துண்டு ஒன்றை வைத்துக் கயிற்றைப் பிடித்துச் சுழற்றினால், காற்று பட்டுக் கரி கனன்று பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். “மாவலியோ மாவலி” என்ற கூவல் வயல்வெளி முழுக்கக் கேட்கும்.

இதில் மருந்து இல்லை, வெடிச்சத்தம் இல்லை. மூன்று கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் வாங்கும் கைவேலை இது. நெருப்பை எப்போது விட வேண்டும், எப்போது மூட வேண்டும் என்கிற பதத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் கைக்குக் கற்றுத்தருகிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கூரை வீடும் வைக்கோல் போரும் இல்லாத திறந்த வெளியில், பருத்தி உடை உடுத்தி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் சுற்ற வேண்டும். எங்கள் தாத்தா ஒரு குடம் தண்ணீரோடு நிற்பார்.

அடுத்தது மார்கழி. மார்கழி என்றால் கோலம். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்தையொட்டித் தேர் ஓடும் நான்கு வீதிகளிலும் விடியற்காலையில் நடந்துபாருங்கள். ஒரு வீட்டுக் கோலம் போல இன்னொரு வீட்டில் இருக்காது. கோலத்தின் அழகை எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதன் அறிவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

“பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி” என்று அம்மா சொன்னால் அது முழுமையான ஒரு வரைபடம். நடு வரிசையில் 15 புள்ளி. அதன் மேலும் கீழும் இடைவெளிகளில் 14, பிறகு 13 என்று குறைந்து 8இல் நிறுத்த வேண்டும். கூட்டினால் 169 புள்ளிகள். ஆறு பக்கமும் சமமாக நிற்கும் அறுகோணம் தரையில் விழுந்துவிடும். அளவுகோல் கிடையாது, பென்சில் கிடையாது. குனிந்த நிலையில் கண்ணும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். சிக்குக் கோலத்தில் இன்னும் கடினம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் கம்பி, எல்லாப் புள்ளியையும் அணைத்துக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கேயாவது ஒரு வளைவு தப்பினால் மொத்தமும் தப்பும்.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினிக்குப் படங்களைக் கற்பிக்கும் இலக்கண விதிகளைக் கோலத்தின் வழியாக விளக்கிய கட்டுரை அது. பள்ளிக்கூடமே போகாத பாட்டி விடியற்காலையில் போட்டதைக் கணினி அறிவியல் பாடமாக எடுத்துக்கொண்டது. நம் வாசலில் நடப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

பொருளுக்கு வருவோம். கடையில் விற்கும் கல்மாவு விரலிடுக்கில் வழுக்கி விழும். கோடு நூல் போல மெல்லியதாக வரும். பழகுவதற்கு அது நல்லது. ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பச்சரிசி மாவுதான் பதில் சொல்கிறது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணித்துண்டில் நனைத்து மோதிரவிரல் வழியாக வழியவிட்டுப் போடும் மாக்கோலம் காய்ந்ததும் வெள்ளையாக எழுந்து நிற்கும். அதற்குக் கரை கட்ட நெய்வேலி, வடலூர் மேட்டுச் செம்மண்ணைக் கரைத்தால் போதும். பகல் ஏறும்போது எறும்பு வரும், குருவி வரும். பக்கத்து ஊரான வடலூரில் 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்த உயிருக்குச் சோறிடும் அந்த எண்ணத்தின் மிகச் சிறிய வடிவம், வாசலில் ஒரு பிடி அரிசி மாவு.

கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்து, அதன் தலையில் பூசணிப்பூ. பனியில் மலர்ந்து வெயில் ஏறியதும் வாடும் பூ அது. மார்கழி என்பதைச் சொல்ல அதைவிட நல்ல அடையாளம் வேறு இல்லை.

டிசம்பரில் கிறிஸ்தவ வீடுகளில் நட்சத்திரம் ஏறும். மூங்கில் பிளாச்சுகளால் ஐந்து முனை நட்சத்திரம் இரண்டு கட்டி, முனைகளைச் சேர்த்து முடிந்து, நடுவே ஐந்து சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்தால் அது உப்பி நிற்கும். மேலே வண்ணத்தாள் ஒட்ட வேண்டும். முட்டுக்குச்சிகளின் அளவு ஒன்றுபோல இருந்தால்தான் நட்சத்திரம் கோணாது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டித்தாளை வெட்டி ஒட்டியும் நேர்த்தியாகச் செய்கிறார்கள்.

தை வந்தால் நெல். பெருமாள் ஏரிப் பாசனத்திலும் வீராணத்துப் பாசனத்திலும் சம்பா அறுவடைக்கு நிற்கும் காலம். கதிர் முற்றி, மணி உதிராத பதத்தில் தாளோடு அறுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, பின்னல் போலப் பின்னி, கதிர்கள் கீழே தொங்கும்படி குஞ்சமாகக் கட்டி வாசலில் மாட்டுவார்கள். சிட்டுக்குருவி வந்து கொறித்துப் போகும். மணி தீர்ந்த பிறகு தாள் மாட்டுக்கு. வடக்கே வெகுதூரத்தில் ஃபின்லாந்து நாட்டிலும் கோதுமை போன்ற ரை தானியத்தின் தாளைச் சிறு குழல்களாக நறுக்கி, நூலில் கோத்து, கட்டம் கட்டமாகக் கூடுகள் செய்து சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிடுவார்கள். ‘ஹிம்மெலி’ என்று அதற்குப் பெயர்; அடுத்த விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். பனி மூடிய நாட்டு உழவரும் நம் உழவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அறுத்த பயிரின் ஒரு கைப்பிடியை வீட்டில் தொங்கவிட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது.

மதிப்பீடு என்றால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பிளாஸ்டிக் மாவிலையும் ஒட்டுக் கோலமும் கடையில் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் கொடியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தடையால் மட்டும் வாசல் மாறாது. அவற்றை வாங்குகிறவர்கள் ரசனை இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பேருந்து பிடிக்கும் பெண்ணுக்கு 169 புள்ளி வைக்க நேரம் ஏது? இந்தக் கலைகளின் உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தலையிலேயே வைத்துவிட்டோம். இதுதான் இந்த மரபின் பெரிய குறை. தோரணம் கட்டுவதும் புள்ளி வைப்பதும் வீட்டில் உள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய வேலை. நேரமில்லாத நாளில் ஐந்து புள்ளி, மூன்று வரை போதும், 19 புள்ளிதான். அதுவும் கோலம்தான்.

காலித் தண்ணீர்ப் புட்டியை வெட்டிப் பூ செய்யும் கைவேலையைப் பிள்ளைகள் நிறையச் செய்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சாயம் பூசிய புட்டி ஒரு மாதம் கழித்து அதே குப்பைக்குத்தான் போகிறது. அதைப் பார்த்து இது எந்த மாதம் என்றும் சொல்ல முடியாது. அதே பிள்ளைகளின் கையில் ஒரு தென்னங்குருத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஈர்க்கை நீக்கி, மடித்து, ஓரத்தில் நறுக்கு நறுக்காக வெட்டி விரித்தால் கிளி வரும், மீன் வரும், சரம் வரும்.

குருத்தோலை என்றதும் எனக்கு ஒரு பொங்கல் நினைவுக்கு வருகிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் தெருவில் கூரைகள் பறந்தன, தறிக்குழிகளில் தண்ணீர் நின்றது. மின்சாரம் வரப் பல நாளாயிற்று. பதினாறாம் நாள் பொங்கல். அந்த வருடம் தோரணம் வேண்டாம் என்று அம்மா சொன்னார். ஆயா பேசவில்லை. கொல்லையில் சாய்ந்து கிடந்த தென்னைக்குப் பாதி வேர் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அதன் நடுக்குருத்து வாடாமல் வெளுப்பாக நின்றது. ஆயா அதை வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டார். கொட்டானில் இருந்த நூல் நனைந்து சாயம் கலந்திருந்தது. அதையே காயவைத்துக் குஞ்சம் கட்டினார். ஓலையும் குஞ்சமும் மாற்றி மாற்றிக் கோத்து, கதவு இல்லாத நிலைப்படியில் கட்டினார்.

அந்தத் தோரணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் எங்கள் ஊருக்கு என்ன நடந்தது என்பது முழுவதும் அதில் இருந்தது: விழுந்த தென்னை, நனைந்த நூல், அவற்றைக் கோத்த கை. கடையில் வாங்கிய எந்தத் தோரணமும் அதைச் சொல்லியிருக்காது.

கார்த்திகை தீபம் வருவதற்குச் சில நாள் முன்பே, உங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் பனை இருக்கிறதா, தென்னை இருக்கிறதா, வயல் இருக்கிறதா, தறி இருக்கிறதா என்று ஒரு மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தரையில் கிடப்பதை ஒரு கொட்டானில் சேர்த்து வையுங்கள். மற்றதைப் பருவம் பார்த்துக்கொள்ளும்.