நியம்கிரி பாட்டும் கல்வராயன் பட்டாவும்

காடு, சுரங்கம், கலை. இந்த மூணையும் சேர்த்துச் சொன்னாலே நம்ம மனசு நேரா அமேசானுக்குப் போயிடும். இன்னிக்கு எபிசோட்ல அங்கேயும் ஒரு நடை போயிட்டு வருவோம். ஆனா நான் பேச நினைக்கிறது கள்ளக்குறிச்சியில பஸ் ஏறினா போய்ச் சேரக்கூடிய ஒரு மலையைப் பத்தி. கல்வராயன் மலை.

இந்தப் பேரை உங்கள்ல நிறைய பேர் 2024 ஜூன்லதான் முதல்முறையா கேட்டிருப்பீங்க. கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல இறந்தாங்க. அந்த நாட்கள்ல டிவியில கல்வராயன் பேரு ஓடிக்கிட்டே இருந்துச்சு, சாராயம் காய்ச்சுற மலைங்கிற ஒரே அடையாளத்தோட. உயிரைக் குடிச்சது மெத்தனால். அது மலையில விளையுற பொருள் இல்ல. ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து, அந்த மலை மக்களோட வாழ்க்கை நிலையைப் பத்தி ஒரு வழக்கை எடுத்துச்சு.

அங்க இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவோட குழப்பிக்காதீங்க. இவங்க பேசுறது தமிழ். காஞ்சிபுரத்துலேர்ந்து கிளம்பி வந்த மூணு அண்ணன் தம்பிகளோட வாரிசுகள் நாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைன்னு சுத்தியிருக்கிற மலைகள்லயும் இதே மக்கள்தான். கோமுகி ஆறு இந்தக் கல்வராயன்லேர்ந்துதான் இறங்குது.

சரி, சுரங்கம் எங்க வருது? கொல்லிமலையில வந்துச்சு. மேட்டூர்ல இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்காக கொல்லிமலையிலயும் ஏற்காட்டுலயும் பாக்சைட் வெட்டினாங்க. அனுமதிகளைப் பத்தி எழுந்த எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பிறகு, கொல்லிமலையில 2008-ல அது நின்னுச்சு. இந்தப் பக்கம் திருவண்ணாமலை கவுத்திமலையிலயும் வேடியப்பன் மலையிலயும் இரும்புத் தாது எடுக்கிற திட்டத்தை சுத்துப்பட்டு கிராமங்கள் பல வருஷம் எதிர்த்தாங்க. வேடியப்பன்ங்கிறது சாமி பேரு. மலைக்கே சாமி பேருதான்.

மால்கோ எந்தக் குழுமத்தோடது தெரியுமா? வேதாந்தா. அதே வேதாந்தா ஒடிசாவுல நியம்கிரி மலை மேல இருக்கிற பாக்சைட்டைக் குறி வெச்சுது. சுமார் 7 கோடி டன். அடிவாரத்துல லாஞ்சிகர்ல ஆலையையே கட்டி முடிச்சிட்டாங்க. மலை மட்டும்தான் பாக்கி.

நியம்கிரி டோங்ரியா கோண்ட் மக்களோட மலை. அவங்க சாமி நியம் ராஜா. பாட்டு, ஆட்டம், சால்வையில போடுற முக்கோணத் தையல் வரைக்கும் எல்லாத்துலயும் அந்த மலை இருக்கு. அந்தச் சால்வைக்கு 2024-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது.

இந்தப் போராட்டத்துல கலை என்ன செஞ்சுதுன்னு கேட்டா, எல்லாரும் சொல்ற கதை அவதார். 2010 பிப்ரவரியில சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு, வெரைட்டி பத்திரிகையில விளம்பரம் கொடுத்து ஜேம்ஸ் கேமரூன்கிட்டயே உதவி கேட்டுச்சு. அந்த வருஷம் லண்டன்ல வேதாந்தா பங்குதாரர் கூட்டத்துக்கு வெளிய, உடம்புல நீலப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு நின்னாங்க. உலகமே திரும்பிப் பாத்துச்சு. அதே ஆகஸ்ட்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்துச்சு.

ஆனா கதை அங்க முடியல. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. அங்க ஒரு வாதம் வந்துச்சு: சாமி இருக்கிறது ஹுண்டல்ஜாலிங்கிற சிகரத்துலதானே, சுரங்கம் வரப்போற இடம் அங்கேர்ந்து தள்ளித்தானே இருக்கு? 2013 ஏப்ரல் 18-ல நீதிமன்றம், இதைக் கிராம சபைகளே முடிவு பண்ணட்டும்னு சொல்லிடுச்சு. 12 கிராமங்கள்ல, மாவட்ட நீதிபதி முன்னாடி, சபை கூடுச்சு. சாமி ஒரு சிகரத்துல மட்டும் இல்ல, மொத்த மலையும் அவரோடதுன்னு மக்கள் சொன்னாங்க. எந்த ஓடை, எந்தக் கிழங்கு, எந்த மரம்னு வாயாலயே சொன்னாங்க. 12 கிராமமும் வேண்டாம்னு சொல்லிடுச்சு. 2014 ஜனவரியில திட்டம் நிராகரிக்கப்பட்டுச்சு.

நான் இதைப் படிச்சு புரிஞ்சுக்கிட்டது இதுதான். நீலப் பெயின்ட் உலகத்தோட கவனத்தைக் கொண்டு வந்துச்சு. மலையைக் காப்பாத்துனது, காலங்காலமா பாடிக்கிட்டு இருந்த விஷயத்தை ஒரு நீதிபதி முன்னாடி சொல்லி, அது காகிதத்துல ஏறினதுதான். பாட்டு அங்க சாட்சியா மாறுச்சு.

இப்போ அமேசானுக்கு ஒரு நிமிஷம் போயிட்டு வரலாம். கிளாடியா அந்துஹார்னு ஒரு புகைப்படக் கலைஞர், 1971-லேர்ந்து பிரேசில்ல யானோமாமி மக்களைப் படம் எடுத்தாங்க. தங்கம் தேடி வந்தவங்களோட சேர்ந்து நோயும் அந்தக் காட்டுக்குள்ள வந்துச்சு. தடுப்பூசி போடுறப்போ யாருக்குப் போட்டாச்சுன்னு தெரியணுமே! கழுத்துல நம்பர் அட்டை மாட்டி ஒவ்வொருத்தரையும் அவங்க படம் எடுத்தாங்க. மருத்துவப் பதிவுக்காக எடுத்த அந்தப் படங்கள் பின்னாடி பெரிய கலைக்கூடங்கள்ல தொங்குச்சு. 1992-ல பிரேசில் அரசு யானோமாமி நிலத்தை அங்கீகரிச்சதுக்கு, தாவி கோபெனாவா மாதிரி அவங்க தலைவர்களோட சேர்ந்து இவங்க வருஷக்கணக்கா உழைச்சதும் ஒரு காரணம். முதல்ல பதிவு, அப்புறம்தான் கலை.

கல்வராயனுக்குத் திரும்புவோம். 1976 வரைக்கும் அந்த மலை ஜாகிர்தார்கள் கையில இருந்துச்சு. அதனால நிலம் சம்பந்தமா மக்கள் கையில இருக்கிற காகிதம் ரொம்பக் குறைச்சல். தமிழ்நாட்டுல அரசியலமைப்போட ஐந்தாவது அட்டவணைப் பகுதின்னு ஒரு இடம்கூட கிடையாது. அதனால பழங்குடி கிராம சபைக்குக் கையில இருக்கிற பெரிய ஆயுதம் 2006 வன உரிமைச் சட்டம்தான். அதுலயும் ஒரு உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால, இங்க உரிமைப் பத்திரம் கொடுக்கிற வேலை 2008-லேர்ந்து 2016 வரைக்கும் முடங்கிக் கிடந்துச்சு.

நான் சாஃப்ட்வேர்காரன். டேட்டாபேஸ்ல ஒரு கட்டம் காலியா இருந்தா அதுக்கு அர்த்தம் "யாரும் இன்னும் எழுதல"ங்கிறதுதான். "அங்க ஒண்ணுமே இல்ல"ன்னு அர்த்தம் இல்ல. புதுசா சேர்ற பையனுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. ஆனா ஒரு மலையோட வரைபடத்துல சுடுகாடு, கோயில் மரம், மேய்ச்சல் வழி எதுவும் குறிக்கப்படலைன்னா, திட்டம் போடுறவங்க அங்க எதுவுமே இல்லன்னுதான் படிப்பாங்க.

இதுல நல்ல சேதி, சட்டத்துலயே இருக்கு. வன உரிமை விதிகள்ல விதி 13-னு ஒண்ணு. எதெல்லாம் சான்றுன்னு அது பட்டியல் போடுது. அரசு ஆவணம் மட்டும் இல்ல. புனித மரம், கோயில் காடு, குளம், இடுகாடு, வம்சாவளி, பெரியவங்க சொல்லி எழுதி வாங்குன வாக்குமூலம், எல்லாமே சான்றுதான். ஒண்ணுக்கு மேற்பட்ட சான்று வேணும், அவ்வளவுதான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. திருவிழாவுல ஒரு பாட்டி பாடுற பாட்டுல ஒரு சுனையோட பேரு வருது, ஒரு மரத்தடி சாமி பேரு வருது, யாரு யாருக்கு அண்ணன்னு வருது. பாட்டை மட்டும் கொண்டுபோய் நீட்டினா அதிகாரி ஏத்துக்க மாட்டாரு. ஆனா அந்தப் பாட்டு எங்க போய்த் தேடணும்னு வழி காட்டும். சுனையை ஜிபிஎஸ்ல குறிச்சு, ஊர்ப் பெரியவர்கிட்ட எழுதி வாங்கி, கிராம சபை தீர்மானத்துல சேர்த்தா அது கோப்பு.

ஏன் அவசரம்னா, சுரங்க நோட்டீஸ் வந்தப்புறம் இதைச் செய்ய நேரம் இருக்காது. 2022-ல வந்த வனப் பாதுகாப்பு விதிகள்ல, மத்திய அரசு ஒப்புதலுக்கு முன்னாடி கிராம சபை சம்மதம் வாங்கியாகணும்ங்கிற படியை எடுத்துட்டு, அந்தப் பொறுப்பை மாநில அரசுகிட்ட விட்டுட்டாங்க. உரிமை முன்னாடியே பதிவாகி இருந்தாதான் கேள்வி கேக்க பிடிமானம் இருக்கும்.

இன்னொண்ணு. மலை மக்களை அவதார் படத்துல வர்றவங்க மாதிரி ஆக்கிடாதீங்க. அவங்களுக்கு ரோடு வேணும், ஆஸ்பத்திரி வேணும், பிள்ளைங்களுக்கு சாதிச் சான்றிதழ் நேரத்துக்கு வேணும். ரோடு கேக்குறவங்களுக்கு மலை மேல பாசம் இல்லன்னு அர்த்தம் கிடையாது. எந்த வழியா ரோடு போகணும்னு சொல்ற உரிமையைத்தான் அவங்க கேக்குறாங்க.

நம்மள்ல பலர் மேகம் அருவிக்கு பைக்ல போவோம், ரீல்ஸ் போடுவோம். தப்பில்ல. ஆனா நம்மகிட்ட மைக் இருக்கு, மேப் பண்ணத் தெரியும், எடிட்டிங் தெரியும். ஊர்ல யாராவது கூப்பிட்டா, அவங்க சம்மதத்தோட, அவங்க சொல்றதைப் பதிவு பண்ணிக் கொடுங்க. எந்த இடத்தை வெளிய காட்டக்கூடாதுன்னு சொல்றாங்களோ அதைக் காட்டாதீங்க. முக்கியமா, ஒரிஜினல் ஃபைலை ஊர்லயே கொடுத்துட்டு வாங்க. உங்க சேனல்ல அது எத்தனை வியூஸ் போகும்ங்கிறதை விட, கிராம சபை பீரோவுல ஒரு காப்பி இருக்கான்னு பாருங்க.

உங்க ஊர்ப் பக்கம் இப்படி மலையைப் பத்தி, ஏரியைப் பத்தி பாட்டு தெரிஞ்ச பெரியவங்க இருந்தா, இந்த வாரம் போய் உக்காந்து கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.