மூச்சுக் காற்றும் ஒப்பந்தத்தில் ஏறவேண்டும்

(பேராக் தோட்டக் கிளையொன்றின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் என்று பேசிப் பழகிய இம்மேடையில் இன்று காற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். “காற்றுக்கு யாரிடமப்பா மனுக் கொடுப்பது?” என்று பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்கிறது. சிரிக்கட்டும். ஈப்போவுக்குப் பக்கத்திலே, லகாட் வட்டாரத்துப் புக்கிட் மேரா கிராமத்து ஜனங்கள் அந்த மனுவைக் கொடுத்தார்கள். கோர்ட்டிலேயே கொடுத்தார்கள்.

மூத்தவர்களுக்கு இது தெரிந்த கதை. இளையவர்களுக்காகச் சொல்கிறோம். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த மணலில் மோனசைட் என்றொரு கனிமம் மிஞ்சும். அதிலிருந்து அரிய உலோகங்களைப் பிரிக்க, ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982-ல் அங்கே வேலை தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் கம்பெனி அதில் பெரும் பங்காளி. உலோகம் கப்பலேறிற்று, தோரியம் கலந்த கழிவு மட்டும் இங்கே தங்கிற்று. தோரியம் சும்மா கிடக்கும் மண்ணல்ல. அது சிதையச் சிதைய தோரோன் என்ற வாயு கிளம்பும். நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால், அதிலிருந்து பிறக்கும் கதிரியக்கத் துகள்கள் நுரையீரலில் படியும். தோரியத்தில் பாதி அழிய 1,400 கோடி ஆண்டுகள் வேண்டுமாம். நம் பேரன் பேத்தி கணக்கெல்லாம் இங்கே எடுபடாது.

கழிவைப் பாப்பானில் கொட்டத் திட்டமிட்டபோது, 1984-ல் அவ்வூரார் சாலைக்கு வந்து மறித்தார்கள். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேராக்காரர்கள் 8 பேர், ஊர் முழுவதற்குமாக, ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் அணுசக்தி உரிம வாரியத்தின் அனுமதியைக் காட்டி 1987-ல் ஆலை மறுபடி புகைந்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அவர்களுடைய தலைவர்களையும், அவர்களுக்காக வாதாடிய மீனாட்சி ராமன் என்ற நம் தமிழ்ப் பெண் வழக்கறிஞரையும், விசாரணையின்றி அடைத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பிடித்துப் போனார்கள். வழக்கு மட்டும் நிற்கவில்லை.

1992 ஜூலை 11-ல் நீதிபதி பே சுவீ சின், 14 நாளில் ஆலையை மூடு என்று தீர்ப்பளித்தார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிற்று. குறையிருந்தால் உரிம வாரியத்திடமே போயிருக்க வேண்டும் என்றது. சட்டத்தில் தோற்றவர்கள் ஊரில் ஜெயித்தார்கள். 1994 ஜனவரியில் கம்பெனி தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்தது. துப்புரவுக்கு ஆன செலவு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011-ல் பத்திரிகைகள் எழுதின. முதலிலேயே யோசித்திருந்தால் எவ்வளவு மிச்சம்!

அது சீனர் கம்பத்து விவகாரம், நமக்கென்ன என்போர் உண்டு. பராகுவாட் யார் விவகாரம்? முதுகிலே தோம்பைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் களைக்கு மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்தாமே! உள்ளே போனால் நுரையீரலையே கெட்டிப்படுத்தும், மாற்று மருந்தில்லாத விஷம் அது. 2002-ல் அரசாங்கம் தடையென்றது. 2006-ல் அத்தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1-ல்தான் முழுத்தடை வந்தது. இடையில் 17 வருஷம் போயிற்று. அந்த 17 வருஷமும் யார் மூச்சில் கழிந்தது என்பதைக் கணக்கெழுதும் கிராணிமார் நாங்கள் அறிவோம்.

இனிப் புகைமூட்டம். 1997, 2005, 2013, 2015, 2019 என்று அது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2015-ல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், நியாயம்தான். பால் வெட்டை யார் மூடினார்கள்? விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி நிற்கும். புகையும் கலையாமல் அதோடு கீழேயே தங்கும். நாம் மரத்தடியில் குனிந்து நிற்பதும் அதே நேரம்தான். வெட்டாத நாளுக்குக் கூலியில்லை என்பதால் இருமிக்கொண்டே வெட்டுகிறோம்.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1994-ம் வருஷத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் உடனடி ஆபத்துள்ள இடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உயிருக்கோ உடம்புக்கோ கடும் கேடு என்று காட்டியாகவேண்டும். “இது வெறும் புகைதானே” என்று மானேஜர் வாதாடுவார். வாதாடாமல் இருந்தால்தான் அதிசயம். ஆகவே சட்டத்தை நம்பிக் காத்திராமல், கூட்டு ஒப்பந்தத்திலேயே எண்ணைப் போட்டு எழுதவேண்டும் என்கிறோம். காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் சுகக்கேடு, 200-ஐத் தாண்டினால் மிகவும் சுகக்கேடு, 300-ஐத் தாண்டினால் அபாயம். இது அரசாங்கமே வகுத்த கணக்கு. 100-க்கு மேல் முகக்கவசம் தோட்டத்துச் செலவில். 200-க்கு மேல் வெளிவேலை நிறுத்தம், அன்றைய சம்பளம் குறையாமல்.

கையில் ஆதாரமும் வேண்டும். செக்ரோல் எழுதும் கிராணிமார் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைக்கட்டும்: தேதி, நேரம், குறியீட்டு எண், புகை வந்த திசை, ஆஸ்பத்திரிக்குப் போனவர் எத்தனை பேர். குப்பையோ மரக்கட்டையோ திறந்த வெளியில் எரித்தால் படமெடுத்து, சுற்றுச்சூழல் இலாகாவுக்குக் கிளையின் பெயரால் கடிதம் போகட்டும். தனி ஆள் பெயர் வேண்டாம். எழுதத் தயங்கும் தாய்மார்கள் சொன்னால் போதும், எழுதித் தருவது எங்கள் வேலை.

தீர்மானத்தின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. வழிமொழிய ஒருவர் எழுந்தால் இப்போதே ஓட்டுக்கு விடலாம்.